சுகர் உள்ள பூனை சாப்பிட மாட்டேங்குது, இன்சுலின் போடலாமா?

கேள்வி: மாடுங்களோட வீட்ல ஒரு பூனையும் இருக்கு, 11 வயசு. சுகர்னு ரெண்டு வேளை இன்சுலின் போடுறோம். நேத்து காலைலேருந்து தட்டு கிட்ட வந்து மோந்து பாத்துட்டு திரும்பிப் போயிடுது. எப்படிங்க சாப்பிட வைக்கிறது?

பதில்: மொதல்ல இன்சுலின் விஷயத்த சொல்லிடுறேன், ஏன்னா அவசரமே அதுலதான். வெறும் வயித்துல வழக்கமான டோஸ போட்டா சுகர் சரசரன்னு எறங்கிடும், பயந்துக்கிட்டு நீங்களா நிறுத்திட்டா உடம்புல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறிடும், ரெண்டுமே உயிருக்கு ஆபத்து. அதனால அடுத்த ஊசிக்கு முன்னாடியே டாக்டருக்கு போன் போடுங்க, குளுக்கோமீட்டர் இருந்தா ரீடிங்கயும் சொல்லுங்க, டோஸ எவ்ளோ குறைக்கணும்னு அவர்தான் சொல்லணும். நடை தள்ளாடுது, துவண்டு விழுது, வலிப்பு வருதுன்னா சுகர் எறங்கிடுச்சுன்னு அர்த்தம், தேனோ குளுக்கோஸ் கரைசலோ விரல்ல தொட்டு ஈறுல தடவிட்டு உடனே தூக்கிட்டு ஓடுங்க, வலிப்பு வரும்போது வாய்க்குள்ள மட்டும் விரல விட்றாதீங்க.

மாடு ஒரு வேளை தீனி எடுக்கலன்னா சாயங்காலம் வரைக்கும் பாப்போம்னு இருப்போம்ல, பூனைய அப்படி விடவே கூடாதுங்க. ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரல்ல போய் சேந்து ஈரலே கெட்டுப்போகும், குண்டுப் பூனைன்னா ஆபத்து இன்னும் அதிகம். உங்க பூனைக்கு ஏற்கனவே ஒரு நாள் தாண்டிடுச்சு, அதனால இன்னிக்கே காட்டணும். வாந்தி எடுக்குது, சோர்ந்து படுத்துருக்கு, மூச்சுல நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி வாடை வருதுன்னா ராத்திரியா இருந்தாலும் கிளம்பிடுங்க.

மோந்து பாத்துட்டு திரும்பிப் போகுதுன்னு எழுதிருக்கீங்கல்ல, அது எனக்கு முக்கியமா படுது. பசி இருக்கு ஆனா கொமட்டுது போல. உதட்ட நக்குதா, எச்சில் ஒழுகுதான்னு கவனிங்க. கணைய வீக்கம் இருந்தாலும் இப்படித்தான் பண்ணும், சுகர் பூனைங்களுக்கு அது சகஜமா வர்றதுதான். கொமட்டல் நிக்க மருந்து குடுத்தா பல பூனைங்க தானா தட்டுக்கு வந்துடும், பசியத் தூண்டுற மருந்தும் இருக்கு, அதுல சிலது சுகர ஏத்திவிடும், அதனால டாக்டர் சொல்லாம எதுவும் வேணாம்.

அது வரைக்கும் வீட்ல செய்ய வேண்டியது, சாப்பாட்ட லேசா வெதுவெதுன்னு சூடு பண்ணி வைங்க, பூனை வாசனைய வெச்சுதான் சாப்பிடும், மூக்கு அடைச்சிருந்தா ஈரத்துணியால தொடச்சு விடுங்க. வெங்காயம் பூண்டு உப்பு போடாத கோழி வேகவெச்ச தண்ணிய சாப்பாட்டு மேல ஊத்திப் பாருங்க. சுகருக்குன்னு தனியா வாங்கின தீனிதான் குடுக்கணும்னு இப்ப புடிவாதம் வேணாம், அதுக்கு என்ன புடிக்குமோ அத சாப்பிடட்டும், வயித்துக்குள்ள ஏதாவது போறதுதான் முக்கியம். கொஞ்சமா விரல்ல எடுத்து உதட்டுல தடவுங்க, வேணாம்னு மூஞ்சிய திருப்பினா தட்ட எடுத்துட்டு அரை மணி நேரம் கழிச்சு வைங்க. வாயப் பொளந்து திணிக்காதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும், அதோட அந்த சாப்பாட்டையே அப்புறம் வெறுத்துடும். டாக்டர் டியூப் வைக்கலாம்னு சொன்னா பயப்படாதீங்க, கழுத்து வழியா வைக்கிற டியூப்ல நீங்களே வீட்ல வெச்சு சாப்பாடும் மருந்தும் குடுக்கலாம், தானா சாப்பிட ஆரம்பிச்சதும் எடுத்துடுவாங்க.