பன்னீர் ரோஜா ஏன் பூக்கவில்லை? பழைய வாசனை ரோஜாக்கள் பற்றிச் சில கேள்விகள்

ரோஜா வளர்ப்பவர்கள் 'பழைய ரோஜா' என்று சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டு. 1867-இல் வந்த 'லா பிரான்ஸ்', நவீன ரோஜாக்களின் பிரிவான ஹைப்ரிட் டீயில் முதலாவதாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு முன்பே இருந்த பிரிவுகளைச் சேர்ந்தவை எல்லாம் பழையவை. செடி பிறந்த ஆண்டை இதில் பார்ப்பதில்லை, பிரிவைத்தான் பார்க்கிறார்கள். 1881-இல் வந்த 'மேடம் ஐசக் பெரேர்' போர்பன் பிரிவு என்பதால் அதுவும் பழைய ரோஜாதான். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

கேள்வி: பன்னீர் ரோஜா என்று வாங்கி நட்டு இரண்டு வருடம் ஆகிறது. இலையும் கிளையும் செழிப்பு. பூ மட்டும் இல்லை. உரம் என்ன போடலாம்?

பதில்: உரத்தை நிறுத்திவிட்டு, முதலில் செடி எது என்று பாருங்கள். பன்னீர் ரோஜா என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகள் கைமாறுகின்றன. ஒன்று டமாஸ்க். மற்றது எட்வர்டு ரோஜா, அதாவது போர்பன்.

டமாஸ்க்கின் இலை சற்றே சாம்பல் பூத்த பச்சை, அடிப்பக்கம் மென்மையான ரோமம். தண்டில் சிறிதும் பெரிதுமாக முள் நெருக்கமாக இருக்கும். அத்தர் எடுக்கப் பயிரிடும் 'கசான்லிக்' இந்த வகை. இது ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும், அதுவும் முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில். குளிர்காலத்தில் நல்ல குளிர் பட்டால்தான் அந்தக் கிளையில் மொட்டு வைக்கும்.

எட்வர்டு ரோஜா இந்தியப் பெருங்கடலில் உள்ள போர்பன் தீவில், இன்றைய ரீயூனியனில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனத்துக்கு வந்தது. இலையுதிர்கால டமாஸ்க்கும் சீன ரோஜா ஒன்றும் தானாகக் கலந்து உண்டானது. டமாஸ்க்கிடமிருந்து வாசனையும் சீன ரோஜாவிடமிருந்து மீண்டும் மீண்டும் பூக்கும் குணமும் வந்தன. இலை வழவழப்பாக இருக்கும், முள் குறைவு. வெப்பத்தைத் தாங்கும்.

உங்களுடையது டமாஸ்க் என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். குளிர்காலத்தில் கவாத்து செய்திருந்தால் பூக்க வேண்டிய கிளையையே வெட்டி எறிந்திருக்கிறீர்கள். இனிமேல் பூ முடிந்ததும் மட்டும் வெட்டுங்கள். மிக முதிர்ந்த கிளைகளில் மூன்றில் ஒன்றை அடியோடு எடுத்தால் போதும். கவாத்து செய்யாமலே பூக்கவில்லை என்றால் ஊரில் குளிர் போதவில்லை. அதற்கு மருந்து கிடையாது, செடியை மாற்றுவதுதான் வழி.

எட்வர்டு என்றால் வெயிலையும் தழைச்சத்தையும் பாருங்கள். நாளுக்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். யூரியா, புது எரு, கோழி எரு மூன்றும் இலையைத்தான் வளர்க்கும். மூன்று மாதம் எதுவும் போடாமல் விடுங்கள். பிறகு ஒவ்வொரு கிளையிலும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேல் வெட்டுங்கள். புதுத் தளிர் வந்து, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மொட்டு தெரிய வேண்டும்.

கேள்வி: குழி எவ்வளவு ஆழம்? ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலா, கீழா?

பதில்: நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. மண் இறுகியிருந்தால் 60. செடி வைப்பதற்கு முன் குழி நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள், மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது முறை ஊற்றியது மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே நடாதீர்கள். தரைக்கு மேல் 30 செ.மீ. உயர மேட்டுப் பாத்தி கட்டி அதில் நடுங்கள். ரோஜா பட்டினியைப் பொறுக்கும், வேரில் தண்ணீர் நிற்பதைப் பொறுக்காது.

மேல்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மக்காத எரு வேரைக் கருக்கிவிடும். ரசாயன உரத்தைப் புதுத் தளிர் ஒரு சாண் வளரும் வரை தொட வேண்டாம். மண்ணின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 6-க்கும் 6.8-க்கும் இடையில் இருப்பது நல்லது. 7.5-ஐத் தாண்டினால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாத நிலை அது.

ஒட்டுப் பகுதி என்பது வேர்ச்செடியும் மேல்செடியும் சேரும் இடம். அதற்கு ஒரே விதி கிடையாது. மண் உறையும் அளவுக்குக் குளிரும் இடமானால் 3 முதல் 5 செ.மீ. மண்ணுக்குள் போகட்டும். மேல்செடி சொந்த வேர் விடும், பனியில் மேல்பகுதி கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். வெப்பமும் மழையும் மிகுந்த இடமானால் அதே அளவு மண்ணுக்கு மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் அழுகும்.

ஏற்கெனவே இருந்த ரோஜாச் செடியைப் பிடுங்கிய இடத்தில் அப்படியே புதியதை நடுவது வேறு பிழை. புதுச் செடி காரணம் தெரியாமல் நோஞ்சானாகவே நிற்கும். இடத்தை மாற்ற முடியாவிட்டால் 45 செ.மீ. ஆழத்துக்கு மண்ணையாவது மாற்றுங்கள்.

கேள்வி: வாங்கும்போது தெருமுனை வரை மணத்தது. இப்போது மூக்கை வைத்தால்தான் தெரிகிறது. வாசனை கூட ஏதாவது தெளிக்கலாமா?

பதில்: தெளிப்பதால் வாசனை கூடாது. மல்லி, ரோஜா போன்ற பூக்களில் மணம் இதழின் செல்களில் அவ்வப்போது உருவாகி மேல்தோல் வழியே காற்றில் கலப்பது. டமாஸ்க் மணத்தின் முக்கியப் பொருட்கள் ஃபீனைல் எத்தனால், சிட்ரோனெல்லால், ஜெரானியால், நெரால். ரோஜாவில் ஜெரானியால் உருவாக நூடிஎக்ஸ்1 என்ற நொதி வேலை செய்கிறது என்பதை 2015-இல் கண்டறிந்தார்கள். அது வேலை செய்யாத வகைக்கு மூட்டை மூட்டையாக உரம் கொட்டினாலும் அந்த மணம் வராது. டீ ரோஜா என்ற பிரிவின் மணமே வேறு, அதில் டைமெத்தாக்சி டாலுயின் என்ற பொருள் முக்கியம். டீ ரோஜாவை முகர்ந்துவிட்டுப் பன்னீர் வாசனை இல்லையே என்று வருந்துபவர்கள் உண்டு. பாவம், செடியின் மேல் பிழை இல்லை.

உங்கள் செடி முன்பு மணந்தது என்பதால் வகையில் குறை இருக்காது. முகரும் நேரத்தைப் பாருங்கள். அத்தருக்குப் பூப்பறிப்பவர்கள் விடியலில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் வெயில் ஏற ஏற இதழில் எண்ணெய் குறைகிறது. பாதி விரிந்த பூவில் மணம் அதிகம். முழுக்க மலர்ந்து மகரந்தம் பழுத்துவிட்டால் குறைந்துபோகும். வறண்ட காற்றும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் இதழை மெலிய வைக்கும். மாலையில் வேருக்கு ஆழமாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இடம். காற்று வீசியடிக்கும் திறந்த வெளியில் எந்த ரோஜாவின் மணமும் நிற்காது. இரண்டு பக்கம் சுவரோ வேலியோ உள்ள மூலையில், நடைபாதை ஓரத்தில் வைத்த செடி அதிகம் மணப்பதுபோல் தோன்றுவதற்கு அதுதான் காரணம். ஆனால் காற்று அடியோடு நின்றுபோனால் நோய் வரும், ஆகவே சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி நடுங்கள்.

கேள்வி: மொட்டு பெரிதாகிறது, விரியாமலே பழுப்பாகி உதிர்கிறது.

பதில்: ஒரு மொட்டைப் பறித்துப் பிரியுங்கள். வெளியிதழ் மட்டும் காகிதம்போல் காய்ந்து ஒட்டி, உள்ளே இதழ்கள் நன்றாக இருந்தால் அது ஈரத்தால் வந்தது. மழையில் நனைந்த வெளியிதழ்கள் வெயிலில் காய்ந்து உறைபோல் இறுகிவிடுகின்றன. மெல்லிய இதழ் நிறைந்த பூக்களில் இது சகஜம். 1843-இல் வந்த 'சுவனீர் டி லா மால்மேசோன்' இந்தக் குறைக்குப் பேர்போனது. அழகான பூ, ஆனால் மழைப் பருவத்தில் பாதிக்குப் பாதி விரியாது. காய்ந்த வெளியிதழை விரலால் மெல்ல உரித்துவிட்டால் பல மொட்டுகள் விரியும். தண்ணீரைத் தலையில் ஊற்றாதீர்கள்.

இதழ்களின் ஓரமெல்லாம் பழுப்புக் கீற்று இருந்தால் இலைப்பேன். மொட்டை வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஊர்வது தெரியும். பாதித்த மொட்டுகளைப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள், செடியடியில் போட்டால் அங்கிருந்தே திரும்பும். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கரையச் சில சொட்டு சோப்புக் கரைசல், வாரம் ஒரு முறை மாலையில். மொட்டு நிறம் காட்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். மூடிய இதழுக்குள் போன பூச்சியை எந்தத் தெளிப்பும் எட்டாது.

கேள்வி: கரும்புள்ளி விழுந்து இலையெல்லாம் கொட்டுகிறது. பழைய வகைகளுக்கு நோயே வராது என்றார்களே?

பதில்: சொன்னவர் காலிகா, ஆல்பா என்ற இரண்டு பழைய பிரிவுகளை மட்டும் வளர்த்திருப்பார். போர்பன்களுக்குக் கரும்புள்ளி நன்றாகவே வரும். இந்தப் பூஞ்சை வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து ஏறக்குறைய 7 மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். ஆகவே மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பது நோயை வரவேற்பது. காலையில், வேருக்கு மட்டும் விடுங்கள். விழுந்த இலைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு போட்டால் மழைத்துளி மண்ணிலிருந்து வித்தைத் தெறிக்க விடாது. செடியின் நடுவில் குறுக்கே போகும் கிளைகளை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

தெளிப்பு புது இலையைக் காக்கும், புள்ளி விழுந்த இலையைக் குணப்படுத்தாது. நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூள்) பயன்படுத்தினால் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் வேண்டாம், இலை கருகும். கந்தகத்துக்கும் எண்ணெய்த் தெளிப்புக்கும் நடுவில் இரண்டு வாரம் இடைவெளி வேண்டும்.

கேள்வி: ஏழு இலை வந்தால் காட்டு ரோஜா, ஐந்து இலை வந்தால் நல்ல ரோஜா. சரியா?

பதில்: பழைய ரோஜாக்களுக்கு இது பொருந்தாது. டமாஸ்க்கிலேயே ஏழு சிற்றிலை வரும். எண்ணிப் பார்த்து நல்ல கிளையை வெட்டிவிடாதீர்கள். கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே, வேரிலிருந்து வந்தால் அடியோடு பிய்த்து எடுங்கள். கத்தியால் வெட்டினால் அடிமொட்டுகள் தங்கி, ஒன்றுக்கு நான்காக வரும். சொந்த வேரில் வளரும் செடியென்றால் வேரிலிருந்து வருவதும் அதே ரோஜாதான்.

கேள்வி: ஆறடி நீளத்துக்குக் கிளை போகிறது, நுனியில் மட்டும் நாலு பூ.

பதில்: நீண்ட கிளை விடும் போர்பன்களின் சுபாவம். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே உள்ள கணுக்களை உறங்க வைக்கிறது. கிளையை வளைத்துப் படுக்கை வாட்டமாக்கினால் அந்தப் பிடி தளரும், கணுவுக்குக் கணு பக்கக்கிளை கிளம்பிப் பூக்கும். செடியைச் சுற்றி முளை அடித்து, ஒவ்வொரு கிளையையும் வில்லாக வளைத்து, நுனி தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி சணல் கயிற்றால் கட்டுங்கள். அந்த ஆண்டு வளர்ந்த இளங்கிளைதான் வளையும். முதிர்ந்தது முறியும். ஒரே நாளில் முழுக்க வளைக்காமல் இரண்டு மூன்று தவணையாக இறக்குவது பாதுகாப்பு. இடமில்லாவிட்டால் வேலியில் விசிறிபோல் பரப்பிக் கட்டலாம், பலன் ஒன்றுதான்.

கேள்வி: போத்து நட்டால் துளிர்க்கிறது, பிறகு காய்ந்துவிடுகிறது.

பதில்: துளிர்த்ததும் வேர் பிடித்துவிட்டது என்று வெயிலுக்கு எடுத்திருப்பீர்கள். அந்தத் துளிர் தண்டில் இருந்த சேமிப்பைத் தின்று வந்தது. வேர் வர 4 முதல் 8 வாரம் ஆகும்.

பூத்து முடிந்த, பென்சில் கனமுள்ள கிளையில் 15 முதல் 20 செ.மீ. வெட்டுங்கள், நாலு கணு இருக்கட்டும். கீழ்வெட்டு கணுவுக்கு ஒட்டி, மேல்வெட்டு கணுவுக்கு 1 செ.மீ. மேலே. மேலே ஒன்றிரண்டு இலை தவிர மற்றதை எடுங்கள். ஆற்று மணலும் தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி, எரு கூடாது. வேர் ஊக்கித் தூளில் தோய்த்து, இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு, மேலே பாலித்தீன் பையால் மூடி நிழலில் வையுங்கள். தொட்டியின் அடித்துளையில் வேர் தெரியும் வரை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

ஒரே செடியிலிருந்து இரண்டு மூன்று மட்டும் போதுமென்றால் மண்ணில் பதியன் போடுவது மேல். தாழ்ந்த கிளையின் அடிப்பக்கம் 3 செ.மீ. நீளத்துக்குச் சீவி, காயம் மூடாமல் ஒரு சிறு கல்லைச் செருகி, 10 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே கல் வைத்து அழுத்துங்கள். மெதுவாக நடக்கும், ஆனால் தாய்ச்செடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் காய்வது அரிது.

கேள்வி: பூவின் நடுவில் பச்சையாக இன்னொரு மொட்டு முளைத்திருக்கிறது. வைரஸா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மொட்டு உருவாகும் நேரத்தில் குளிரும் வெப்பமும் மாறி மாறி வந்தால் பழைய ரோஜாக்களில் இப்படி ஆகும், பருவத்தின் முதல் பூக்களில் குறிப்பாக. அடுத்த பூக்கள் சரியாக வரும். ஆண்டு முழுதும் அதே கிளையில் தொடர்ந்தால் அந்தக் கிளையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரோஜாவின் அடியில் லாவெண்டர் நடலாமா? வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: படத்தில் அழகாக இருக்கும். ஆனால் லாவெண்டருக்கு வறண்ட, சத்துக் குறைந்த மண் வேண்டும், ரோஜாவுக்கு நேர் எதிர். பாத்தியின் விளிம்பில், நீர் வடியும் பக்கமாக வைத்தால் இரண்டும் பிழைக்கும். சால்வியா, சாமந்தி போன்றவை ரோஜாவுடன் ஒத்துப்போகும். எதுவானாலும் தண்டிலிருந்து 40 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், ரோஜாவின் அடிக்கிளை காற்றைப் பார்க்க வேண்டும். பூண்டு நட்டால் அசுவினி வராது என்பதை நம்பி இடத்தை வீணாக்க வேண்டாம். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் அசுவினி உதிர்ந்துவிடும்.

கேள்வி: இதழைக் காயவைத்தால் மணம் போய்விடுகிறது.

பதில்: வெயிலில் காயவைத்தால் போகும். பனி உலர்ந்ததும், வெயில் ஏறுவதற்குள், அன்று விரிந்த பூவைப் பறித்து, இதழை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வலைமேல் பரப்பி, இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். நொறுங்கும் பதம் வந்ததும் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். காய்ந்த பின்னும் மணம் காப்பதில் 'காலிகா அஃபிசினாலிஸ்' பெயர் பெற்றது. அந்தக் காலத்து மருந்துக்காரர்கள் அதை வளர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.