படுத்தால் கூடும் முதுகு வலி

கேள்வி: என் மகனுக்கு வயது 26. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு வருடமாக இடுப்பு வலி. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கெல்லாம் வலி தாங்காமல் எழுந்து வாசலில் நடக்கிறான். காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஜவ்வு விலகல் என்று பெல்ட் போட்டு, ஒரு மாதம் படுக்க வைத்தோம். வலி கூடியதுதான் மிச்சம். இப்போது ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, 'எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ், முதுகெலும்பு வாதம்' என்கிறார். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூன் விழுந்துவிடுமா டாக்டர்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, ரத்த ரிப்போர்ட்டைவிட நீங்கள் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் எனக்கு அதிகம் சொல்கின்றன. பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது. நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது. ஜவ்வு வலி பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, படுத்தால் அடங்கும். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடிக்கும் வலி என்றால் உங்கள் டாக்டர் சொன்ன முதுகெலும்பு வாதத்தை, அதாவது அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வயதானவர்களுக்கு வரும் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே இடுப்பு மூட்டையும் முதுகெலும்பையும் அழற்சிக்கு உள்ளாக்குகிறது.

எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியச் சில வருடங்கள் ஆகலாம். அதனால் இடுப்பின் பின்பக்கம் இருக்கும் சாக்ரோஇலியாக் மூட்டுகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மூட்டுவாத (ருமட்டாலஜி) நிபுணரிடம் காட்டுவது அவசியம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது.

பெல்ட்டையும் படுக்கையையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அழற்சி வருடக்கணக்கில் கவனிக்கப்படாமல் போனால், எலும்பு வளர்ந்து முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கூன் விழுவது அப்படித்தான். எல்லோருக்கும் அந்த நிலை வருவதில்லை. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் நிமிர்ந்தே நடக்கலாம். வலி மாத்திரைகள்தான் முதல் மருந்து, ஆனால் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. வயிறு, சிறுநீரகம் இரண்டையும் டாக்டர் கண்காணிக்க வேண்டும். அதற்குக் கட்டுப்படாவிட்டால் அழற்சியைத் தூண்டும் பொருளையே தடுக்கும் பயாலஜிக் ஊசிகள் இருக்கின்றன. விலை அதிகம்தான். போடுவதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

தினமும் உடற்பயிற்சி. மருந்துக்கு இணையாக இதைச் சொல்கிறேன். நீச்சல் தெரிந்தால் ரொம்ப நல்லது. தலையணை மெல்லியதாக இருக்கட்டும். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கலாம். புகைபிடிப்பவர் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். முதுகை மிதிப்பது, சொடக்கு எடுப்பது எதுவும் வேண்டாம். ஒட்டிய முதுகெலும்பு சுலபமாக முறிந்துவிடும்.

கூன் விழுகிறதா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். குதிகாலும் பிட்டமும் சுவரில் ஒட்ட நிற்கச் சொல்லுங்கள். முகவாயைத் தூக்காமல் பின்மண்டை சுவரைத் தொடுகிறதா? இடைவெளி இருந்தால் ஸ்கேல் வைத்து அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை போதும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள், நிச்சயம் உதவும்.

கல்யாணத்துக்கு இது தடையே இல்லை, தாராளமாகச் செய்யுங்கள். பெண் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த எச்.எல்.ஏ. பி27 மரபணு போக பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை.

அப்புறம், கண். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு என்றாவது கண்ணின் உள்ளே அழற்சி வரும். ஒரு கண் திடீரென்று சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் 'மெட்ராஸ் ஐ' என்று சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போய், முதுகு வாதம் இருப்பதையும் சொல்லுங்கள்.