கிறிஸ்தவ நண்பரின் கல்யாணத்துக்குப் போகிறேன். அங்கே இருப்பவரை ஃபாதர் என்பதா, பாஸ்டர் என்பதா, பாதிரியார் என்பதா? எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றில்லை. பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை கம்போஸ் செய்யும் வேலையில் பல வருடம் இருந்தேன். இந்தச் சொற்களோடுதான் என் பகல் பொழுது கழிந்தது.

முதலில் 'பாதிரியார்'. போர்த்துக்கீசிய 'பாத்ரே'யிலிருந்து வந்த சொல். செய்தித்தாளிலும் பாடப்புத்தகத்திலும் இருக்கும். ஆனால் கோயிலுக்குள் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெளியே இருப்பவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது சொல்வது அது. 'ஆர்' விகுதியையும் விட்டுவிட்டால் மரியாதைக் குறைவாகவே காதில் விழும்.

கத்தோலிக்கக் கோயில் என்றால் 'ஃபாதர்' போதும். வயதானவர்கள் 'சாமி' என்பார்கள். எழுத்தில் அருட்தந்தை, அருட்பணி. ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களும் பகுதியும் சேர்ந்தது பங்கு; அதன் பொறுப்பில் இருப்பவர் பங்குத்தந்தை. சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்ற சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை என்றால் பங்கு இல்லை, சேகரம். அவர் சேகர குருவானவர். நேரில் 'ஐயா' அல்லது 'பாஸ்டர்' என்பார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அவர் இன்றும் 'ஐயர்'தான். இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். இங்கே அது சாதிப் பெயர் இல்லை, மதிப்புக்குரியவர் என்ற பழைய பொருள்தான். கால்டுவெல் ஐயர், போப் ஐயர் என்று படித்திருப்பீர்களே, அதே ஐயர். கத்தோலிக்கக் குருக்கள் மணம் செய்துகொள்வதில்லை. சிஎஸ்ஐ குருவானவர்கள் குடும்பஸ்தர்கள். அதனால் இங்கே 'ஐயரம்மா'வும் உண்டு. ஊரில் ஒரு கஷ்டம் என்றால் பெண்கள் முதலில் போய் நிற்பது அந்த அம்மாவிடம்தான்.

ஆனால் உண்மையில் சிக்கல் 'ஆயர்', 'பேராயர்' என்ற இரண்டு சொற்களில்தான். பாளையங்கோட்டையில் இரண்டு பிஷப்புகள் உண்டு. பிஷப்பின் பொறுப்பில் இருக்கும் பகுதியைக் கத்தோலிக்கர் மறைமாவட்டம் என்பார்கள், சிஎஸ்ஐயில் திருமண்டலம். கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பிஷப் 'ஆயர்'. சிஎஸ்ஐ திருநெல்வேலி திருமண்டலத்தின் பிஷப் 'பேராயர்'. இரண்டும் ஒரே நிலைதான். கத்தோலிக்கத்தில் 'பேராயர்' என்றால் ஆர்ச் பிஷப். சென்னை-மயிலை, மதுரை, புதுவை-கடலூர் போன்ற உயர் மறைமாவட்டங்களுக்கு மட்டும்தான் அவர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் பத்திரிகையில் 'மேதகு பேராயர்' என்று அடித்துவிட்டேன். சிஎஸ்ஐ பத்திரிகைகளை அடித்தடித்துக் கைப்பழக்கம். ப்ரூஃப் பார்க்க வந்த பெண்ணின் தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவால் 'பேர்' என்பதை மட்டும் அடித்தார். கோபப்படவே இல்லை. "தம்பி, எங்க ஆண்டவரைப் பெருசாக்குறதா நெனச்சு வேற ஆளாக்கிட்டீங்களே" என்றார். கத்தோலிக்கர்கள் ஆயரை 'ஆண்டவர்' என்று அழைப்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு, என்ன சபை என்று கேட்காமல் ஒரு பத்திரிகையும் தொடங்கியதில்லை.

பழைய பத்திரிகை ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'மேற்றிராணியார்', 'அத்தியட்சர்' என்று இருக்கலாம். இரண்டும் பிஷப்தான், முதலாவது கத்தோலிக்கர் வழக்கு, அடுத்தது சீர்திருத்தச் சபையார் வழக்கு. இப்போது அச்சுக்கு வருவது அபூர்வம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, 'அத்தியட்சர்' அவ்வளவு கம்பீரமான சொல்.

பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டர். இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) கேப்டன், மேஜர் என்றே இருக்கும், பட்டாளத்துப் பெயர்கள் என்று திகைக்க வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகை கையில் இருக்கும் அல்லவா? 'பங்குத்தந்தை' என்றிருந்தால் ஃபாதர் என்று கூப்பிடுங்கள். 'சேகர குருவானவர்' என்றிருந்தால் ஐயா. பத்திரிகையில் எதுவும் பிடிபடவில்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.