மின்னூலுக்குப் பூட்டு தேவையா? கேள்வி பதில்

டிஆர்எம் எனப்படும் நகல் தடுப்புப் பூட்டு இல்லாமல் மின்னூல்களை விற்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் சிறு பதிப்பாளன். பூட்டை எடுத்துவிட்டால் திருட்டுப் பிரதி பரவிவிடாதா?

பதில்: பூட்டு இருக்கும்போதும் பரவத்தான் செய்கிறது. யாரோ ஒருவர் அதை உடைத்தால் போதும். அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தாலும் போதும். திருட்டுப் பிரதியைப் படிப்பவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. காசு கொடுத்தவர்தான் கட்டுப்பட்டுக் கிடக்கிறார். அறிவியல் புனைகதைகள் வெளியிடும் அமெரிக்காவின் டோர் பதிப்பகம் 2012இல் பூட்டை நீக்கியது. ஓராண்டுக்குப் பின், திருட்டு குறிப்பிடும்படி கூடவில்லை என்று அதன் பிரிட்டன் கிளை அறிவித்தது. பேயன் புக்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கப் பதிப்பகம் 1999 முதலே பூட்டின்றி விற்கிறது.

கேள்வி: வாங்கிய புத்தகம் என்னுடையதுதானே ஐயா? பூட்டினால் எனக்கென்ன நட்டம்?

பதில்: பெரும்பாலான கடைகள் உங்களுக்குத் தருவது படிக்கும் உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில், உரிமையில்லாத ஒருவர் விற்ற ஆர்வெலின் '1984' பிரதிகளை, வாங்கியவர்களின் கிண்டில் படிப்புக் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்கள் எல்லாமே திறக்காமல் போயின. பணம் திரும்பியது உண்மை. ஓரங்களில் குறிப்பெழுதிப் படித்தவர்களுக்கு அதற்கும் சேர்த்து 25 டாலர் கொடுத்தார்கள். ஒரு வாசகரின் குறிப்புகளுக்கு அதுவா விலை? எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: நான் வாங்கிய நூலின் பூட்டை நானே உடைத்தால் குற்றமா?

பதில்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது, இரண்டாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது.

கேள்வி: பூட்டுக்கு மாற்று?

பதில்: நீர்க்குறி. வாங்கியவரின் அடையாளம் கோப்புக்குள் பதிந்திருக்கும். ஹாரி பாட்டர் மின்னூல்கள் 2012இல் பாட்டர்மோர் தளத்தில் இந்த முறையில்தான் வந்தன.

கேள்வி: கிண்டிலில் என் தமிழ் நாவலை வெளியிடப் போகிறேன். பூட்டு போடட்டுமா?

பதில்: போடாதீர்கள். கிண்டிலுக்கு நூல் வெளியிடும் அமேசானின் கேடிபி தளத்தில் பதிவேற்றும்போதே அந்தத் தேர்வு உங்களிடம் கேட்கப்படும். பூட்டு போட்டால் அதன் சாவி உங்களிடம் இருக்காது, கடையிடம்தான் இருக்கும். உங்கள் வாசகர் நாளை வேறு கருவிக்கு மாற நினைத்தால், வாங்கிய நூல்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவர் அந்தக் கடையிலேயே தங்கிவிடுவார். அவருக்காக நீங்களும் அங்கேயே விற்க வேண்டியிருக்கும்.