வானிலைச் செயலி இருந்தும் விவசாயிகள் ஏன் பட்டம் பார்த்து விதைக்கிறார்கள்?

பத்து நாள் மழை நிலவரம் கைபேசியிலேயே தெரியும்போது, டெல்டாவில் இன்னும் பட்டம் என்னும் பழைய பருவக் கணக்கில் விதைப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரில் நிலம் பார்க்கும் அப்பாவிடமோ மாமாவிடமோ இதைப் பேசி முடியாமல்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நெல் பயிரிடுபவன் நான். நாங்களும் செயலி பார்க்கிறோம். மேலுரம் இடுவது, மருந்து தெளிப்பது, அறுவடைக்கு டயர் வைத்த இயந்திரம் போதுமா, சேற்றில் இறங்கும் பெல்ட் இயந்திரம் வேண்டுமா என்பதெல்லாம் அதைப் பார்த்து எடுக்கும் முடிவுகளே. ஆனால் எத்தனை நாள் வயதுள்ள நெல்லை விதைப்பது என்பதை ஆவணியிலேயே தீர்மானித்தாக வேண்டும். பயிர் வெள்ளத்தில் சிக்குவதோ கார்த்திகையில். அதற்குப் பத்து நாள் முன்னறிவிப்பு உதவாது.

2024இல் மேட்டூர் அணை, வழக்கமான ஜூன் 12க்குப் பதிலாக ஜூலை 28இல்தான் திறக்கப்பட்டது. தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து, நாற்று விட்டு, நட்டு, பயிர் வேர் பிடிப்பதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும் என்பதால், பள்ளக்கட்டு வயலில், காய்ந்த நிலத்திலேயே நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்பாகச் சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகத்தை விதைத்தோம். ஏறத்தாழ 155 நாள் வயதுள்ள அந்த நெல், இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கக்கூடியது. பெருமழை ஓய்ந்து, மார்கழிப் பாதிக்கு மேல் கதிர் பூக்கும்படி பின்னிருந்து எண்ணித்தான் விதைப்பு நாளைக் குறித்தோம். மேட்டு வயலுக்கு மட்டும் 135 நாள் ரகத்தில் நாற்று விட்டோம். புழுதியில் முளைத்த பயிர் சில இடங்களில் காய்ந்துபோனது; அடர்ந்த இடத்தில் கலைத்தெடுத்துப் பயிர் போன இடங்களில் நட்டோம்.

நவம்பர் கடைசி வாரத்து மழையில் பள்ள வயலில் பயிரின் நுனி மட்டுமே தெரிந்தது. வடிகாலை வெங்காயத் தாமரை அடைத்திருந்ததால், ஊரார் இறங்கி அதை அள்ளிக் கரையில் போட்ட பிறகே தண்ணீர் வடிந்தது. முன்னறிவிப்பைக் கேட்டு யூரியாவை நிறுத்தி வைத்திருந்தோம். வடிந்தபின் அதனுடன் ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இட்டதும் பயிர் பச்சை பிடித்தது. அறிவியலை மதிக்காதவன் என்று யாரும் என்னைச் சொல்லிவிட வேண்டாம். அந்த உரக் கலவையும் அந்த விதையும் ஆராய்ச்சியாளர்கள் தந்தவைதான்.

எங்களுக்கு உண்மையில் ஆத்திரம் தருவது பயிர்க் காப்பீடு. வருவாய்க் கிராமம் முழுவதற்கும் சேர்த்து, சில வயல்களில் சோதனை அறுவடை செய்து, அந்தச் சராசரியைக் கொண்டு இழப்பீடு கணக்கிடுகிறார்கள். 2024 பருவத்தில், மேட்டு வயல்கள் நன்றாக விளைந்திருந்தால், அதே கிராமத்தில் பள்ள வயல் முழுதும் அழுகிப்போனவருக்கும் இழப்பீடு கிடைக்காது என்பதே நிலை. எந்த வயலில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்று எங்கள் ஊரில் நண்டு பிடிக்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள அந்தக் கணக்கில் இடமில்லை.