பிணங்கள் மெல்ல நடக்கட்டும்

அன்புள்ள ஐயா,

மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட ஜாம்பி (செத்த பிறகும் எழுந்து நடமாடும் பிணம்) நகைச்சுவைப் படங்களைத் தேடிப் பார்ப்பேன் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் நான் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் படங்களையே பார்க்கத் தொடங்கினேன். சரி என்று நானும் இரண்டு ஜாம்பி படங்களைப் பார்த்தேன். ரத்தம் சாயத் தண்ணீராக இருந்தது. நடிப்பு பள்ளி ஆண்டு விழா நாடகத்தைத் தாண்டவில்லை. திறமை போதாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதில் ஒரு மேட்டிமைத்தனம் இல்லையா? அப்படி இல்லை, உண்மையாகவே ரசிக்கிறீர்கள் என்றால் எதை ரசிக்கிறீர்கள்? பயமும் சிரிப்பும் ஒன்றையொன்று கெடுத்துவிடாதா? செத்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேட்டிமைத்தனம் என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மோசமான படத்தைக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்துக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. கேலி செய்யப்பட வேண்டும் என்றே திட்டமிட்டு மோசமாக எடுக்கப்படும் படங்கள் அதைவிட அலுப்பூட்டுபவை. நாம் சிரிப்பதற்கு முன்பே தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளும் படத்தின் முன்னால் நமக்கு என்ன வேலை? நீங்கள் பார்த்த இரண்டும் அந்த வகையாகவே இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். இந்த வகையில் பத்துக்கு எட்டு குப்பை என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் சொன்னது காசில்லாமல், ஆனால் உயிரைக் கொடுத்து எடுக்கப்பட்ட மிச்சப் படங்களை.

டிராகனுக்குப் பணம் வேண்டும். வேற்றுக்கிரகத்துக்கும் விண்கலத்துக்கும் பணம் வேண்டும். ரத்தக்காட்டேரிக்குக்கூட ஒரு கோட்டையும் கௌரவமான உடுப்பும் தேவைப்படுகின்றன. ஜாம்பிக்கு வேண்டியது கிழிந்த சட்டை, முகத்தில் கொஞ்சம் வெள்ளைப் பூச்சு, விடுமுறையில் சும்மா இருக்கும் நண்பர்கள். 1968இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை ஜார்ஜ் ரொமேரோ பென்சில்வேனியாவில் ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் எடுத்தார். பணம் போட்ட சிலரே நடித்தும் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் போதுமானதாக இருந்தது. வெளியீட்டின்போது தலைப்பை மாற்றியதில் காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போய், அமெரிக்காவில் படம் யாரும் உரிமை கோர முடியாத பொதுச் சொத்தாகிவிட்டது. ரொமேரோவுக்கு அது பெரும் நஷ்டம். ஆனால் படம் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததற்கு அந்தக் கவனக்குறைவும் ஒரு காரணம். செத்தவர்கள் எழுந்து வருவார்கள், மனிதர்களைத் தின்பார்கள், மண்டையில் அடித்தால்தான் விழுவார்கள் என்ற விதிகளை அதன்பின் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்தின் கதை என்ன? சிலர் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். கதவையும் மேசையையும் உடைத்துப் பலகையாக்கி ஜன்னலில் ஆணி அடிக்கிறார்கள். எப்படியாவது விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். என் ரசனை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரிய படத்தில் உழைப்பு பணத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. இவற்றில் உழைப்பு மட்டும்தான் தெரிகிறது. பிழைத்துக்கொள்ளப் போராடும் சிலரையும் படத்தை முடித்துவிடப் போராடும் சிலரையும் நான் ஒரே சட்டகத்தில் பார்க்கிறேன். இரண்டு கூட்டமும் ஜெயிக்க வேண்டும் என்று தவிக்கிறேன். இதற்குப் பெயர் மேட்டிமைத்தனமா, நீங்களே சொல்லுங்கள்.

'தி ஈவில் டெட்' (1981) படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று காட்டுக்குள் பாய்ந்து வரும். இயக்குநர் சாம் ரைமியின் குழுவினர் கேமராவை ஒரு பலகையில் பொருத்தினார்கள். இரண்டு பேர் பலகையின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவ்வளவுதான் விஷயம். பணம் இருந்திருந்தால் அந்தப் பேயைக் காட்டியிருப்பார்கள், பயம் போயிருக்கும். நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் ஒரு செய்தித்தாளில் வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதிகளில் மட்டும் நான்கு ஆண்டுகள் 'பேட் டேஸ்ட்' படத்தை எடுத்தார். அதில் வருகிறவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் என்றாலும் குணத்தில் ஜாம்பிகளுக்கு உறவினர்கள்தான். முகமூடிகளை அம்மாவின் சமையலறை ஓவனில் வைத்துச் சுட்டார். ஆள் போதாமல் அவரே இரண்டு வேடம் போட்டார். ஒன்றுக்குத் தாடி வளர்த்து, மற்றதற்கு மழித்து. ஒரு ஜாக்சன் இன்னொரு ஜாக்சனைச் சித்திரவதை செய்யும் காட்சியே படத்தில் இருக்கிறது.

'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) என்ற ஜப்பானியப் படத்தை எடுக்க ஷினிச்சிரோ உவேடாவுக்கு ஆன செலவு ஏறக்குறைய 30 லட்சம் யென். வசூல் 300 கோடி யென்னைத் தாண்டியது. முதல் 37 நிமிடங்கள் வெட்டே இல்லாத ஒரே காட்சி, அதுவும் பார்க்கச் சகிக்காத காட்சி. நடிகர்கள் பேச்சு வராமல் விழிக்கிறார்கள். காரணமில்லாமல் ஒருவர் வெளியே ஓடுகிறார். கேமரா தரையில் விழுந்து கிடக்கிறது, எடுக்க ஆளில்லை. உங்களைப் போன்றவர்கள் எழுந்து போவது இங்கேதான். அதன்பின் படம் பின்னோக்கிப் போய், அந்த 37 நிமிடங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்று காட்டுகிறது. நாம் முகம் சுளித்த ஒவ்வொரு அபத்தத்துக்கும் பின்னால் ஒரு விபத்தும், அதை நொடியில் சமாளித்த ஒரு மனிதனும் இருக்கிறார்கள். கடைசிக் காட்சியை மேலிருந்து எடுத்தாக வேண்டும்; கிரேன் உடைந்துவிட்டது. ஒருவர் முதுகில் ஒருவராக ஏறி மனிதக் கோபுரம் கட்டி, உச்சியில் கேமராவை நிறுத்துகிறார்கள். அங்கே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே கண் கலங்கினேன். இதை முன்கூட்டியே சொல்வது படத்தைக் கெடுக்கும் என்பார்கள். எனக்கு இரண்டாம் முறைதான் இன்னும் அதிகம் பிடித்தது.

அடுத்து, பயமும் சிரிப்பும். இரண்டுக்குமே ஆதாரம் காத்திருக்க வைப்பது. ஜாம்பி மெல்ல நடக்கிறது என்பதால் காத்திருப்பு நீள்கிறது, அந்த இடைவெளியில் மனிதர்கள் தங்கள் அசட்டுத்தனங்களையெல்லாம் வெளிக்காட்டிவிடுகிறார்கள். 'ஷான் ஆஃப் தி டெட்' (2004) படத்தில் வீட்டுத் தோட்டத்துக்குள் இரண்டு ஜாம்பிகள் வருகின்றன. நண்பர்கள் இருவரும் இசைத்தட்டுகளை எடுத்து அவற்றின் மேல் வீசுகிறார்கள். ஒவ்வொரு தட்டையும் எடுத்துப் பெயரைப் படித்து, இதை எறியலாமா, இது வைத்துக்கொள்ள வேண்டியதா என்று வாதாடிவிட்டுத்தான் வீசுகிறார்கள். மரணம் பத்தடி தூரத்தில் தள்ளாடி வந்துகொண்டிருக்கிறது. ஓடி வரும் ஜாம்பியை வைத்தும் நல்ல நகைச்சுவை வந்திருக்கிறது, ஆனால் இந்தக் காட்சியை அதை வைத்து எடுக்க முடியாது.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்தக் கலவை அந்நியமும் அல்ல. 900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பாருங்கள். பசியால் ஒட்டி உலர்ந்த பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்தில் கிடக்கும் பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சுகின்றன. பிறகு பந்தி. பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஆள் பார்த்து வார்க்கச் சொல்கிறார் ஜெயங்கொண்டார். இத்தனை பிணங்களுக்கு நடுவே இப்படி ஒரு குறும்பு. அரசனின் வெற்றியைப் பாட வந்த நூலில் எனக்கு அரசனைவிட இந்தப் பேய்கள்தான் நினைவில் நிற்கின்றன.

செத்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது ஒப்பவில்லை என்கிறீர்கள். வலி தெரியாத உடல் என்பதால்தான் சிரிக்க முடிகிறது. பழைய ஊமைப் படங்களில் ஏணியிலிருந்து விழுந்தவர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து போவதைப் போல. ஆனால் நல்ல இயக்குநர் அந்தச் சலுகையைக் கடைசிவரை நமக்கு விட்டுவைக்க மாட்டார். அதே 'ஷான்' படத்தில் அம்மாவை ஜாம்பி கடித்துவிடுகிறது. மகனுக்குத் தொந்தரவு எதற்கு என்று அவர் அதை வாய் திறந்து சொல்லவே இல்லை. உலகம் அழிந்துகொண்டிருக்கும்போதும் காயத்தை மறைத்துக்கொண்டு கூடவே நடக்கிறார். அந்த மரியாதையும் அடக்கமும் அதுவரை நகைச்சுவையாக இருந்தவை. பிறகு துப்பாக்கியைப் பிடிக்க வேண்டியவன் மகன். அதுவரை சுட்டு வீழ்த்திய எல்லாரும் யாரோ ஒருவரின் அம்மா என்பது அப்போதுதான் உறைக்கிறது.

எனவே இன்னொரு முறை முயன்று பாருங்கள். ஜப்பானியப் படத்தில் தொடங்குங்கள், 37 நிமிடங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். அடுத்தது 'ஷான்'. ஜாக்சன் 1992இல் எடுத்த 'பிரெயின்டெட்' பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அதன் உச்சக்கட்டத்தில் கதாநாயகன் புல் வெட்டும் இயந்திரத்தை மார்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜாம்பிக் கூட்டத்துக்குள் நுழைகிறான். சாயத் தண்ணீர் என்ற புகாருக்கு அங்கே இடமிருக்காது.

அன்புடன்