ஆஸ்துமாவுக்கு ஸ்டெம் செல் ஊசி: கட்டிய அட்வான்ஸ் திரும்புமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. சின்ன வயதிலிருந்தே வீசிங். மழை, பனி வந்தால் ராத்திரித் தூக்கமே இல்லை. புதுச்சேரியில் ஒரு தனியார் கிளினிக்கில், "மூன்று ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆஸ்துமா அடியோடு போய்விடும், இன்ஹேலரே தேவைப்படாது" என்கிறார்கள். மொத்தம் 1,80,000 ரூபாய். 20,000 அட்வான்ஸ் கட்டிவிட்டேன். மீதியையும் கட்டலாமா? வேண்டாமென்றால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: மீதியைக் கட்டாதீர்கள் அம்மா. நகை எதையும் அடகு வைத்துவிடாதீர்கள்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்) நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற சிகிச்சை இல்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் மூச்சுக்குழாய் வீக்கம் குறைந்தது உண்மைதான். மனிதர்களிடம் நடந்தவை சிறிய, ஆரம்பகட்ட ஆய்வுகள் மட்டுமே. 'அடியோடு போய்விடும்' என்று சொல்ல அவற்றில் ஆதாரம் கிடையாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறை தெளிவாக இருக்கிறது. குறிப்பிட்ட சில ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்றவை தவிர, வேறு நோய்க்கு ஸ்டெம் செல் கொடுப்பதென்றால் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். அப்படி ஆய்வில் சேருகிற நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. உங்களிடம் விலை சொன்னார்கள் என்பதே போதும், அது முறையான ஆய்வு இல்லை என்று தெரிந்துகொள்ள. "ஆய்வுதான் செய்கிறோம்" என்று அவர்கள் பேச்சை மாற்றினால், மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். அந்த எண்ணை இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

குணமான பிள்ளைகளின் வீடியோ காட்டினார்களா? ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். பல பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே குறையும். அதை ஊசியின் கணக்கில் எழுதிக்கொள்வது சுலபம். எனக்கு ஊசியைவிடப் பெரிய பயம், அவர்கள் பேச்சை நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடுவீர்களோ என்பதுதான். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இனி அட்வான்ஸ். சிகிச்சை வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதி, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, அந்த வீடியோ எதையும் அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கிளினிக் புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் ஊரிலேயே, அதாவது கடலூரிலேயே, வழக்குப் போடலாம். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் தயங்காமல் கேளுங்கள்.

பையனைக் கோரிமேட்டில் ஜிப்மருக்கோ, கடலூர் அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். ராத்திரித் தூக்கம் கெடுகிறதென்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை விட்டுவிட்டு, இழுக்கும்போது மட்டும் உடனடி நிவாரணம் தரும் நீல நிற இன்ஹேலரை அடித்துக்கொள்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) மாட்டாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லா இன்ஹேலரையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் எதிரில் பையன் ஒரு முறை எடுத்துக் காட்டட்டும்.